பட்ஜெட் விலையில மூணு லேயர் கோல்ஃப் பந்து: சாதாரண ஆட்டக்காரங்களுக்கு வித்தியாசம் தெரியுமா?

தண்டையார்பேட்டை_ஸ்லைஸ்

வணக்கம் மக்களே. பந்து வாங்கறதுல ஒரு குழப்பம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹேண்டிகேப் 22, அதாவது ரவுண்டுக்குக் குறிச்ச அடிக் கணக்கை விட 22 சுமார் கூட ஆகும். டிரைவர் (தூரத்துக்கு அடிக்கற பெரிய கிளப்) ஸ்விங் வேகம் மணிக்கு 88 மைல் சுமார். பந்து வலது பக்கம் வளையும், அதான் ஸ்லைஸ், என் பேரைப் பார்த்தாலே தெரியும். இப்ப ஆடறது சாதாரண ரெண்டு பீஸ் (ரெண்டு அடுக்கு) பந்து. தூரத்துல குறை இல்ல. ஆனா 40, 50 யார்டுல இருந்து வெட்ஜ் (கிட்டத்துல தூக்கி அடிக்கற கிளப்) போட்டா பந்து கிரீன்ல, அதாவது குழி இருக்கற ஒட்ட வெட்டின புல்லுல, இறங்கி நிக்கவே மாட்டேங்குது, கிரீனோட பின்பக்க ஓரத்துக்குப் போய்த்தான் நிக்குது. ஒரு ரவுண்டுக்கு ரெண்டு மூணு பந்து தொலையும்.

டைட்டிலிஸ்ட் ப்ரோ வி1 மாதிரி விலை கூடின பந்தெல்லாம் நமக்குக் கட்டுப்படி ஆகாது. டசனுக்கு 2,500 ரூபாய் தாண்டாம மூணு லேயர், நாலு லேயர்னு பெட்டியில போட்டு நிறைய வருது. அதுல உண்மையிலேயே விஷயம் இருக்கா, இல்ல லேயர் கணக்கு சும்மா விளம்பரமா? நம்ம மாதிரி வேகத்துக்கு சாஃப்ட் பந்துதான் வேணும்னு பெரியமேட்டுக் கடையில சொல்றாங்க. அது சரியா?

கொளத்தூர்_வெட்ஜ்

லேயரை எண்ணாதீங்க பாஸ், கவர் என்ன மெட்டீரியல்னு பாருங்க. உங்க கேள்விக்கு முக்கால்வாசி பதில் அதுலயே இருக்கு.

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா கடைக்காரர் சொல்றதை நீங்களே எடை போடலாம். இப்ப வர்ற பந்துகளுக்கு நடுவுல பாலிபியூட்டடைன் ரப்பர் கோர். ரெண்டு பீஸ்னா அதுக்கு மேல நேரா கவர், பெரும்பாலும் சர்லின்னு சொல்ற அயனோமர் பிளாஸ்டிக். மூணு பீஸ்னா கோருக்கும் கவருக்கும் நடுவுல மேன்டில்னு இன்னொரு அடுக்கு. டிரைவர்ல அடிக்கும்போது கிளப் முகத்துல பந்து ஒட்டி இருக்கறது அரை மில்லிசெகண்டு சுமார். அந்த அடியில பந்து மொத்தமா அமுங்குது, அதனால அங்க வேலை செய்யறது கோர்தான். கவர் எதுவா இருந்தாலும் தூரத்துல பெருசா மாறாது.

வெட்ஜ்ல 40 யார்டுக்கு மெதுவா தட்டும்போது கோர் வரைக்கும் அழுத்தம் போறதே இல்ல. மேல் தோல்தான் விளையாடுது. யூரித்தேன் கவர் மெத்துன்னு இருக்கும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம், அதுக்குக் கீழ மேன்டில் கெட்டியா இருக்கும். வெட்ஜ் முகத்துல உள்ள கோடுகள், அதான் குரூவ், அந்த மெல்லிசு தோலை மேன்டில் மேல வச்சு நசுக்கிப் பிடிச்சுக்கும். அந்தப் பிடிதான் ஸ்பின். அயனோமர் கவர் கெட்டி, குரூவ் உள்ள இறங்காது. பவுடர் தூவின கேரம் போர்டுல ஸ்ட்ரைக்கர் போற மாதிரி முகத்துல வழுக்கி மேல ஏறிடும். ஸ்பின் குறைவு, கிளம்பற கோணம் அதிகம். உயரமா வந்து இறங்குதே, நின்னுடும்னு தோணும். நிக்காது.

அதனால பெட்டியில "மூணு பீஸ்"னு போட்டு கவர் அயனோமரா இருந்தா, உங்க 40 யார்டு பிரச்சனை அப்படியேதான் இருக்கும். அந்த நடு அடுக்கு டிரைவர் ஸ்பின்னைக் குறைக்கவும் கையில படற உணர்வை மாத்தவும் உதவும், அவ்வளவுதான். மூணு பீஸும் வேணும், கவர் யூரித்தேனாவும் இருக்கணும். அப்பதான் காசு குடுத்ததுக்கு அர்த்தம். நாலாவது, அஞ்சாவது அடுக்கெல்லாம் வேகமா அடிக்கறவங்களுக்கு டிரைவர், ஐயன் (நடுத் தூரத்து கிளப்), வெட்ஜ்னு தனித்தனியா ஸ்பின்னைச் சீர் பண்ண வச்சது. டெய்லர்மேட் டிபி5 அஞ்சு பீஸ். அதே நேரத்துல ப்ரோ வி1 வெறும் மூணு பீஸ்தான், ப்ரோ வி1எக்ஸ் நாலு. எண்ணிக்கையை வச்சு தரம் சொல்ல முடியாதுங்கறதுக்கு இதை விட வேற சாட்சி வேண்டாம்.

பேர்ல ஏமாறாதீங்க. டைட்டிலிஸ்ட் டூர் சாஃப்ட்னு பேரு, "டூர்"னு இருக்கறதால யூரித்தேன்னு நெனச்சு வாங்கறவங்க நிறைய. அது ரெண்டு பீஸ், யூரித்தேன் கிடையாது. ஸ்ரிக்ஸன்ல கியூ-ஸ்டார் வேற, கியூ-ஸ்டார் டூர் வேற. முதல்ல சொன்னது ரெண்டு பீஸ் அயனோமர், ரெண்டாவது மூணு பீஸ் யூரித்தேன். ஷெல்ஃப்ல ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்கும். டெய்லர்மேட்ல டூர் ரெஸ்பான்ஸ் யூரித்தேன், சாஃப்ட் ரெஸ்பான்ஸ் அயனோமர், அதுவும் மூணு பீஸேதான். கேலவே சூப்பர்சாஃப்ட் ரெண்டு பீஸ். டிகாத்லானோட இனெசிஸ்ல டூர் 900 மூணு பீஸ் யூரித்தேன், சாஃப்ட் 500 ரெண்டு பீஸ். பெட்டியோட பக்கவாட்டுல சின்ன எழுத்துல கவர் மெட்டீரியல் போட்டிருப்பாங்க. "யூரித்தேன்"ங்கற வார்த்தை எங்கயும் இல்லன்னா அது யூரித்தேன் இல்லன்னே எடுத்துக்கோங்க. இருந்தா அதைச் சொல்லாம விட மாட்டாங்க.

விலை ஏன் இறங்குச்சுன்னா, ப்ரோ வி1 மாதிரி பந்துகள்ல கவரை வார்ப்புல ஊத்தி எடுக்கறாங்க, மெதுவான வேலை, செலவு அதிகம். பட்ஜெட் பந்துகள் பலதுல தெர்மோபிளாஸ்டிக் யூரித்தேனை உருக்கி அச்சுல அடிச்சு ஏத்தறாங்க. சீக்கிரம் முடியும், மலிவு. வெட்ஜ் ஸ்பின்ல வார்ப்பு கவருக்குக் கொஞ்சம் கீழ இருக்கலாம், உங்க ஹேண்டிகேப்ல அதைக் கண்டுபிடிக்க முடியாது. அயனோமருக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் யார் வேணும்னாலும் கண்டுபிடிக்கலாம்.

இப்ப சாஃப்ட் கதை. கம்ப்ரெஷன்னா பந்து எவ்வளவு கெட்டிங்கற எண், அது குறைஞ்சா பந்து மெது, அதாவது மெத்துன்னு இருக்கும். சூப்பர்சாஃப்ட் 40-ஐ ஒட்டி வரும், கியூ-ஸ்டார் டூர், டூர் ரெஸ்பான்ஸ் ரெண்டும் 70-ஐ ஒட்டி, ப்ரோ வி1 90 கிட்ட. "மெதுவா அடிக்கறவனுக்கு மெது பந்து"ங்கறது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 88 மைல்ல எந்தப் பந்தும் அமுங்கத்தான் செய்யும். மெது பந்து முகத்தை விட்டுக் கிளம்பற வேகம் ஒரு பொட்டு குறைவு, ஸ்பின்னும் குறைவு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு ஈடு கட்டி டிரைவர்ல சில யார்டு இப்படி அப்படி இருக்கும். உண்மையான பாதிப்பு ஐயன்லதான். ஸ்பின் குறைஞ்சா பந்து தாழ்வா பறந்து, தட்டையான கோணத்துல இறங்கி, கிரீனைத் தாண்டி ஓடும். உங்க பிரச்சனைக்கு 40 கம்ப்ரெஷன் பந்தைக் கையில குடுக்கறது எரியற அடுப்புல எண்ணெய்தான். கையில மெத்துன்னு இருந்தா பிடிக்கும்னா வாங்குங்க, தூரத்துக்காக வாங்காதீங்க.

ராயபுரம்_ரஃப்

வெட்ஜு சொன்னதுல தப்பு இல்ல தலைவா, ஆனா ஆளைப் பாக்காம மருந்து எழுதறாரு.

22 ஹேண்டிகேப்புக்கு 40 யார்டுல பந்து ஓடுதுன்னா பாதி நேரம் காரணம் பந்தே கிடையாது. முகத்தோட கீழ் ஓரத்துல பட்டா, இல்ல பந்துக்கும் முகத்துக்கும் நடுவுல புல்லு மாட்டினா, யூரித்தேனும் ஒண்ணுதான் சர்லினும் ஒண்ணுதான். நம்ம ஊரு பெர்முடா புல்லு ரஃப்ல (ஓரத்துல நீளமா விட்ட புல்லு) இருந்து அடிக்கறப்ப அதுதான் நடக்குது. அந்த அடியில பந்து ஸ்பின் இல்லாம பறக்கும், எந்தப் பந்தா இருந்தாலும் ஓடும். சுத்தமான ஃபேர்வேல (நடுவுல ஒட்ட வெட்டின புல்லு) இருந்து, சுத்தமான முகத்தோட, முதல்ல பந்துல பட்டாத்தான் வெட்ஜு சொன்ன கணக்கு செல்லும்.

வெட்ஜோட குரூவைப் பாத்தியா? காஞ்ச மண்ணு அடைச்சுக்கிட்டு கெடந்தா ரெண்டு மடங்கு விலை குடுத்துப் பந்து வாங்கி என்ன பிரயோஜனம். பழைய டூத்பிரஷ், கொஞ்சம் சோப்புத் தண்ணி, ஒரு நிமிஷ வேலை. குரூவ் ஓரம் நகத்துல தட்டாம வழவழன்னு இருந்தா அந்த வெட்ஜோட ஆயுசு முடிஞ்சுது.

அப்புறம் காசுக் கணக்கு. டசன் 2,400-னா பந்து ஒண்ணு 200. ரவுண்டுக்கு ரெண்டரை பந்து தொலைச்சா 500 போச்சு. 1,200 ரூபா டசன்ல அதுவே 250. அந்த 250 ரூபா வித்தியாசத்துக்கு ரவுண்டுல எத்தனை வெட்ஜ் ஷாட் சுத்தமா படுதுன்னு எண்ணிப் பாரு. மூணு, நாலு தேறும். அது உனக்குக் கட்டுமான்னு நீதான் சொல்லணும்.

வளையற விஷயத்துல ஒண்ணு. ஸ்பின் கம்மியான ரெண்டு பீஸ் பந்து வலது பக்கம் வளையறதைக் கொஞ்சம் குறைக்கும், அது நெஜம். 30 யார்டு வளையறது 25 ஆகும், நேராப் போவாது. முகம் திறந்திருக்கறதை எந்த கம்பெனியும் டப்பால அடைச்சு விக்கல.

கொளத்தூர்_வெட்ஜ்

@ராயபுரம்_ரஃப், குரூவ் விஷயம் நூத்துக்கு நூறு, நான் முதல்லயே சொல்லியிருக்கணும். காசுக் கணக்குல மட்டும் ஒரு திருத்தம். தொலையற பந்து பெரும்பாலும் டீல இருந்து, அதாவது ஹோலோட முதல் அடியில. எந்தெந்த ஹோல்ல தொலையுதுன்னு அவருக்கே தெரியும். போட்டியில "ஒரே பந்து" லோக்கல் ரூல் போடலன்னா ஹோலுக்கு ஹோல் பந்து மாத்தலாம், ஹோல் நடுவுல நெனச்சபடி மாத்தக் கூடாது. தண்ணியோ அவுட் ஆஃப் பவுண்ட்ஸோ (மைதான எல்லைக்கு வெளிய) நெருக்கற ஹோல்ல பழைய பந்தைப் போட்டு, மத்த ஹோல்ல யூரித்தேன் ஆடினா செலவு பாதியாகும். ஆனா இதுல ஒரு தொல்லை இருக்கு. புட்டிங்ல ரெண்டு பந்தும் ஒரே மாதிரி கிளம்பாது, சத்தமும் வேற. 20 அடி புட்ல தூரம் தப்பும். அது பரவாயில்லன்னா செய்யலாம்.

தண்டையார்பேட்டை_ஸ்லைஸ்

ரெண்டு பேருக்கும் நன்றி. குரூவைப் பாத்தேன், அதைப் பத்தி இங்க பேச வேண்டாம் :)

இன்னும் ரெண்டு சந்தேகம். செகண்ட் ஹேண்ட் ப்ரோ வி1 மலிவா கெடைக்குதே, புது பட்ஜெட் யூரித்தேனை விட அது பரவாயில்லையா? போலி வருதுன்னும் சொல்றாங்க. ரெண்டாவது, மொட்டை மாடியில வலை கட்டி அடிக்கலாம்னு இருக்கேன், அதுக்கு எந்தப் பந்து போட்டா நல்லது?

பெரியமேடு_18

செகண்ட் ஹேண்ட்ல ரெண்டு ஜாதி இருக்கு சார், ரெண்டையும் ஒண்ணா நெனச்சா காசு போகும்.

ரீசைக்கிள்னா எடுத்த பந்தைக் கழுவி, தரம் பிரிச்சு, அப்படியே விக்கறது. 5ஏ, 4ஏ, 3ஏன்னு கிரேடு போடுவாங்க. 5ஏ புதுசு மாதிரி, 3ஏல சிராய்ப்பும் பேனாக் கோடும் இருக்கும். இது வாங்கலாம். ரீஃபினிஷ்னா பழைய பெயின்ட்டைச் சுரண்டி, மறுபடி வெள்ளை அடிச்சு, மேல கிளியர் கோட் பூசி, லோகோவையும் புதுசா அச்சடிச்சு விக்கறது. பாக்கறதுக்குப் பளபளன்னு இருக்கும், அதுதான் ஆபத்து. பந்தைப் பறக்க வைக்கறதே டிம்பிள்தான், மேல இருக்கற சின்னக் குழிகள். அதுல பெயின்ட் தேங்கி ஆழம் குறைஞ்சா பறக்கற உயரம் மாறும். அடியில கெடக்கற கவர் எவ்வளவு அடி வாங்கியிருக்குன்னும் தெரியாது. கண்டுபிடிக்கறது சுலபம். வெயில்ல சாய்ச்சுப் பாருங்க, டிம்பிளோட விளிம்பு கூர்மையா இல்லாம உருண்டு இருக்கும். எழுத்து ஓரம் லேசாப் பிசிறும். சிலதுல ரீஃபினிஷ்டுன்னே சின்னதா முத்திரை இருக்கும்.

குளத்துல கெடந்த பந்து இன்னொரு தனிக் கதை. சில நாள் கெடந்தா ஒண்ணும் ஆகாது. மாசக்கணக்குல ஊறினா கவரைத் தாண்டித் தண்ணி உள்ள போய் கோரோட துள்ளல் குறையும். வெளியில ஒரு அடையாளமும் தெரியாது. லேசா பழுப்போ பச்சையோ ஏறி, கழுவியும் போகலன்னா விட்டுடுங்க. அதனால என் கணக்கு இதுதான்: தரம் தெரிஞ்ச இடத்துல 5ஏ கெடைச்சா பழைய ப்ரோ வி1 வாங்குங்க. மூட்டையில கொட்டி "எல்லாம் டூர் பந்து சார்"னு சொன்னா, அதை விட புது பட்ஜெட் யூரித்தேன் மேல்.

போலியைப் பிடிக்க வீட்டுலயே சோதிக்கலாம். விதிப்படி பந்து 45.93 கிராமுக்கு மேல போகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் கீழ வரக் கூடாது. நல்ல கம்பெனி பந்து 45.5-க்கும் 45.9-க்கும் நடுவுல நிக்கும், ஒரு ஸ்லீவ்ல உள்ள மூணும் கிட்டத்தட்ட ஒரே எடை. சௌகார்பேட்டைல விக்கற சின்ன நகைத் தராசு போதும், 0.01 கிராம் வரை காட்டும். எடையில ஒண்ணுக்கொண்ணு அரை கிராம் தள்ளி நின்னா சந்தேகப்படுங்க. விட்டத்துக்கு வெர்னியர் இருந்தா நாலஞ்சு திசையில திருப்பி அளந்து பாருங்க. தெரிஞ்ச லேத் பட்டறை இருந்தா 42.67-க்கு ஒரு வளையம் கடைஞ்சு வாங்கிக்கலாம், கிளப்புல நாலு பேருக்கு உதவும். பந்து அந்த வளையத்துல தன் எடைக்கே வழுக்கி அடிக்கடி கீழ விழுந்தா அது சின்னது.

நடு மையம் சரியா இருக்கான்னு பாக்க உப்புத் தண்ணி. ஒரு லிட்டர் வெந்நீர்ல 250 கிராம் கல்லுப்பு, நல்லாக் கரைச்சு ஆற விடுங்க. பந்து இன்னும் முங்கினா மிதக்கற வரைக்கும் 20 கிராம், 20 கிராமா சேருங்க, 350 தாண்டினா கரையாம அடியில தங்கிடும். மிதக்கற பந்தோட உச்சியில மார்க்கர்ல ஒரு புள்ளி வைங்க, விரலால சுழட்டி விடுங்க. ஒவ்வொரு தடவையும் அதே புள்ளி டக்குன்னு மேல வந்தா ஒரு பக்கம் கனம். மெதுவா, எங்கயோ நின்னா பந்து சரி. முடிஞ்சதும் நல்ல தண்ணியில கழுவித் துடைச்சுடுங்க.

இந்தச் சோதனையை ரொம்ப நம்பவும் கூடாது. கோரும் மேன்டிலும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி இருந்தா, கோர் ஒரு பக்கமா நகர்ந்து மேன்டில் அங்க மெல்லிசா இருந்தாலும் தண்ணியில தெரியாது. அதைப் பாக்கணும்னா அறுக்கத்தான் வேணும். ஒரு பந்தை வைஸ்ல இறுக்கி ஹாக்ஸா பிளேடால நடுவுல அறுங்க. கையில பிடிச்சுக் கத்தி வைக்காதீங்க, உருண்டு விரலுக்கு வரும். மூணு பீஸ்னு சொன்ன பந்துல வேற நிறத்துல ஒரு வளையம் சுத்தியும் ஒரே கனத்துல தெரியணும். ஒரு பக்கம் தடிச்சு ஒரு பக்கம் நூல் மாதிரி இருந்தா அந்த பிராண்டையே மறந்துடுங்க. வளையமே இல்லன்னா போலி, பேச்சே இல்ல. ரப்பர் நூல் சுத்தின ரொம்பப் பழைய பந்தை மட்டும் அறுக்காதீங்க, சிலதுக்கு உள்ள அழுத்தத்துல திரவம் இருக்கும், பீய்ச்சி அடிக்கும்.

பெட்டியில எக்ஸ்-அவுட் அல்லது பிராக்டிஸ்னு முத்திரை போட்டு வர்றது போலி இல்ல, அச்சுல சின்னக் குறையால கழிச்ச கம்பெனி சரக்கு. பழக நல்லது. போட்டிக்கு எடுத்துட்டுப் போகறதுக்கு முன்னாடி, கோல்ஃப் விதிகளை வகுக்கற அமைப்புகளான ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ வெளியிடற அனுமதிப் பட்டியல்ல அந்தப் பந்து இருக்கான்னு பாத்துக்கோங்க. பேர் தெரியாத பிராண்டு பலது அதுல இருக்காது. வெளிநாட்டுல நேரடியா விக்கற பிராண்டுகளை வரவழைக்கற ஆசை இருந்தா, கூரியரும் சுங்க வரியும் சேர்த்துப் போட்டுப் பாருங்க. ரெண்டு டசனுக்கு வரவழைச்சா அவங்க விளம்பரத்துல சொல்ற "பாதி விலை" காணாமப் போயிடும்.

காசிமேடு_காத்து

மொட்டை மாடி வலைக்கு முதல்ல வலையைப் பத்திப் பேசலாம், பந்து அப்புறம்.

கிரிக்கெட் வலையைக் கட்டிடாதீங்க அண்ணே. அதுல பலது கண்ணி 45, 50 மில்லிமீட்டர். கோல்ஃப் பந்து 42.67. முதல் அடியிலேயே அந்தப் பக்கம் போய் எதிர் வீட்டுத் தண்ணி டேங்க்ல விழும். 88 மைல் ஸ்விங்ல நல்லாப் பட்டா பந்து 125, 130 மைல்ல கிளம்பும், மணிக்கு 200 கிலோமீட்டர். சந்துல ஒரு ஆள் தலையில பட்டா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. கண்ணி 25 மில்லிமீட்டர் தாண்டக் கூடாது.

நம்ம பக்கம் மீன் வலைக் கடையில துண்டு மலிவாக் கெடைக்கும். கேக்கும்போது கவனம். மீன் வலையில கண்ணி அளவை இழுத்துப் பிடிச்சு, முடிச்சுக்கு முடிச்சு சொல்லுவாங்க. 40-னு சொன்னா விரிச்சுக் கட்டும்போது ஒரு பக்கம் 20 வரும், அதுதான் நமக்கு வேணும். தங்கூசி வலை வேண்டாம், ஒத்தை நரம்பு, ஒரே இடத்துல அடி வாங்கினா அறுந்துடும். முறுக்கின நைலான், தடிமனான கயிறுல பின்னினது கேளுங்க. ரெண்டு அடுக்கா, மேல மட்டும் கட்டி கீழ தொங்க விடுங்க. விறைப்பா இழுத்துக் கட்டினா பந்து அதே வேகத்துல உங்க மூஞ்சிக்குத் திரும்பி வரும். பின்னாடி சுவருக்கும் வலைக்கும் நடுவுல ரெண்டு மூணு அடி இடம் விடணும். பக்கவாட்டுலயும் மேலயும் வலை வேணும், ஸ்லைஸ் அடிக்கறவருக்குக் கண்டிப்பா வேணும். கடல் காத்துல நைலான் வெயிலும் உப்பும் பட்டு நொறுங்கும், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை நடுவுல இழுத்துப் பாருங்க. நூல் பொடி உதிர்ந்தா மாத்திடுங்க.

பந்து? இருக்கறதுலயே மலிவான ரெண்டு பீஸ். வலையில யூரித்தேன் போட்டா ஸ்பின் தெரியப் போறதில்ல, பாய்ல உரசி தோல்தான் கிழியும். வீடுங்க ஒட்டி ஒட்டி இருக்கற தெருன்னா டிரைவரை மறந்துட்டு ஃபோம் பந்து போடுங்க.

நம்ம ஊர் வெயில் பத்தி யாரும் சொல்லல. சூடு ஏற ஏற பந்து துள்ளும், காத்தும் லேசாகும். 10 டிகிரிக்கு டிரைவர்ல மூணு யார்டு சுமார். ஜனவரி விடியக்காலைக்கும் மே மதியத்துக்கும் அஞ்சாறு யார்டு வித்தியாசம் வந்துடும், புதுப் பந்தாலதான் தூரம் கூடிச்சுன்னு நெனச்சுடாதீங்க. அதுக்காக பந்தை வெயில்ல வச்சு சூடு பண்ணி ஆடறது விதிக்கு விரோதம். கார் டிக்கியில மாசக்கணக்குல போட்டு வைக்காதீங்க, கவர் மஞ்சளாகும். வீட்டு அலமாரியில இருந்தா வருஷக்கணக்குல ஒண்ணும் ஆகாது.

ஈரக் காத்து கனம், அதனால பந்து போக மாட்டேங்குதுன்னு நம்ம ஆளுங்க சொல்றது தலைகீழ். ஈரக் காத்து காஞ்ச காத்தை விட லேசு. மழைக்காலத்துல தூரம் குறையறதுக்குக் காரணம் உருண்டு ஓடாத ஃபேர்வேயும் நனைஞ்ச முகமும். முகம் நனைஞ்சா எல்லாப் பந்துக்கும் ஸ்பின் இறங்கும், யூரித்தேன் கொஞ்சம் கம்மியா இழக்கும். ஐப்பசி, கார்த்திகையில கிரீன் ஊறிக் கெடக்கும்போது எந்தப் பந்தும் விழுந்த இடத்துல நிக்குது, அப்ப விலை கூடினதை எடுத்து ஆட அவசியமே இல்ல. ஏப்ரல், மே மாசம் கிரீன் காஞ்சு கெட்டியாகும்போதுதான் அந்தக் கவருக்கு வேலை.

மதியத்துக்கு மேல கெழக்குக் காத்து எதிர்ல வந்தா ஸ்பின் அதிகமா இருக்கற பந்து மேல எழும்பி அங்கயே தொங்கும். வழக்கத்தை விட ஒரு படி அதிக தூரம் போற கிளப்பை எடுத்து மெதுவா அடிங்க. மஞ்சப் பந்து வாங்கறவங்க மாசியில வேப்ப இலை கொட்டற நேரத்துல வெள்ளைக்கு மாறிக்கங்க, கால் பக்கத்துலயே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

தண்டையார்பேட்டை_ஸ்லைஸ்

கிரிக்கெட் வலைதான் வாங்கி வைக்க இருந்தேன், நல்ல வேளை. சரி, ரெண்டு மாடலை வாங்கி ஒப்பிட்டுப் பாக்கணும்னா எப்படிச் செய்யறது? ரேஞ்ச்ல குடுக்கற பந்தை வச்சு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.

கொளத்தூர்_வெட்ஜ்

ரேஞ்ச் பந்து அடி தாங்கறதுக்குச் செஞ்சது, அதை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. ஒவ்வொரு மாடல்லயும் ஒரு ஸ்லீவ், அதாவது மூணு பந்து போதும். டசன் வாங்கிடாதீங்க.

கிரீன்ல இருந்து பின்னாடி வாங்க, டிரைவர் கடைசி. முதல்ல 20 அடி புட், சத்தமும் கிளம்பற வேகமும் பிடிக்குதான்னு பாருங்க. பிடிக்கலன்னா அங்கயே கழிச்சுடலாம். அப்புறம் 10, 20, 40 யார்டு, ஒரே வெட்ஜ். ஏ பந்து ஒண்ணு, பி பந்து ஒண்ணுன்னு மாத்தி மாத்தி அடிங்க. ஒரு மாடல் முழுக்க முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போனா, கை சூடேறினதால வந்த வித்தியாசத்தை பந்தோட தலையில கட்டிடுவீங்க. மூணு அடிக்கு ஒரு தடவை முகத்தைத் துடைங்க. பந்து இறங்கின தழும்புல ஒரு டீ குத்துங்க, அங்க இருந்து நின்ன இடம் வரைக்கும் எத்தனை ஸ்டெப்னு எண்ணுங்க. கொடிக்கு எவ்வளவு பக்கம்ங்கறது வேண்டாம், அது உங்க குறியோட கணக்கு. சரியாப் படாத அடியை எழுதவே எழுதாதீங்க. 40 யார்டுல ரெண்டுக்கும் ஒரு ஸ்டெப்தான் வித்தியாசம்னா மலிவானதை வாங்கிட்டுப் போய்க்கிட்டே இருங்க. மூணு ஸ்டெப் வந்தா உங்களுக்கு யூரித்தேன் வேணும்.

சின்ன ரேடார் கருவி யாராவது குடுத்தா பந்து வேகத்துக்கு நம்பலாம், குட்டை வெட்ஜ் ஸ்பின்னுக்கு நம்பாதீங்க. பலதுல அது அளவு இல்ல, கணிப்பு.

யூரித்தேன் வாங்கினா பங்கர் மணல்ல தோல் சீக்கிரம் சொரசொரன்னு ஆகும். நகத்தை ஓட்டிப் பாருங்க, சிக்கினா அந்தப் பந்து பழகறதுக்கு. சிக்கலன்னா சிராய்ப்பு கண்ணுக்குத் தெரிஞ்சாலும் ஆடலாம்.

ராயபுரம்_ரஃப்

டெஸ்ட்டை வெயில் ஏறின பிறகு வை தலைவா. விடியக்காலைல கிரீன்ல பனி ஈரம் இருக்கும், சர்லினும் நின்னுடும். அதை நம்பி வாங்கிட்டு மதியம் ஆடப் போனா பழையபடி பின் பக்கம்தான் தேடணும்.